வரைபடத்தில் இரண்டு கோடுகள்

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. சமையலறை மேஜை மேல் இருந்த சர்க்கரை டப்பா, பழத்தட்டு, பிரிக்காத தபால்கள் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்பா ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். அது சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டது. மகள் நான்கு மூலைக்கும் நான்கு காபிக் கோப்பைகளைத் தூக்கி வைத்தாள்.

"செப்டம்பருக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள என் மேஜையைப் பிடிச்சாச்சா?" என்றபடி அம்மா தன் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார். ஒரு மூலை மறுபடியும் சுருண்டது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் துராங்கோ என்றொரு சிறிய ஊர். ஊரே சுமார் 6,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சான் ஹுவான் மலைத்தொடர். அதற்குள் வெமினூச்சே என்ற காட்டுப்பகுதி, சுமார் 5 லட்சம் ஏக்கர். மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே, 12,000 அடிப் புல்வெளிகளில் கோடையைக் கழிக்க அங்கே மான்கள் ஏறி வரும். கோவேறு கழுதையைப் போல நீண்ட காதுகள் இருப்பதால் அவற்றுக்கு மியூல் மான் என்று பெயர். செப்டம்பரில் சில நாட்கள் மட்டும், குறிப்பிட்ட சில பகுதிகளில், அந்த உயரத்தில் துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உண்டு. அதற்குத்தான் ஜனவரியிலேயே மேஜை பிடிக்கப்பட்டது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, மான் வேட்டை என்றால் குற்றம், வழக்கு, சிறை என்றுதான் மனதில் ஓடும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அது அரசு எண்ணிக் கொடுக்கும் அனுமதி. எந்தப் பகுதியில், எந்தத் தேதிகளில், எத்தனை பேர் போகலாம் என்பதை மாநிலத்தின் வனவிலங்குத் துறை முடிவு செய்கிறது. கொலராடோவில் 1999-ம் ஆண்டிலிருந்து மானுக்கான லைசென்ஸ்கள் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டவை. விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வந்தால்தான் கிடைக்கும். 1937-ல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலாகும் 11 சதவீத வரி, வனவிலங்குகளைக் காக்கும் வேலைக்கே மாநிலங்களுக்குத் திரும்பிப் போகிறது.

அப்பாவுக்கு வயது 62. மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மகளுக்கு 28. மருத்துவமனையில் நர்ஸ், பாதி நாட்கள் இரவு ஷிஃப்ட். பதினோரு வயதில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்கு அவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தவர் அப்பாதான். கொலராடோவில் 1949-ம் ஆண்டு ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக அந்த வகுப்பை முடிக்காமல் லைசென்ஸ் வாங்க முடியாது.

சிறுமியாக இருந்தபோது அவள் ஒருநாள், "இந்த மலை யாருடையதுப்பா?" என்று கேட்டிருக்கிறாள். "உன்னுடையது. ஆனா உனக்கு மட்டும் இல்ல" என்றாராம் அவர்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. கொலராடோவின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மத்திய அரசின் பொறுப்பில் உள்ள பொது நிலம். அதில் பெரும்பகுதியில் வேலி இல்லை. காவலுக்கு ஆள் இல்லை. லைசென்ஸும் இரண்டு கால்களும் இருந்தால் மின்கம்பம் ஏறியவரும் போகலாம், கோடீஸ்வரரும் போகலாம். வெமினூச்சே போன்ற இடங்களில் 1964-ம் ஆண்டின் காட்டுநிலச் சட்டம் இன்னொரு சமத்துவத்தையும் கொண்டுவந்தது. அங்கே கார் கூடாது, மோட்டார் பைக் கூடாது, சைக்கிள் கூடாது. சக்கரம் வைத்த தள்ளுவண்டிகூடக் கூடாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் குதிரை ஏற வேண்டும்.

அப்பா சொன்ன பதிலில் ஒரு பாதி விட்டுப்போயிருந்தது என்று சில வருடங்கள் கழித்துப் பள்ளியில் படித்துவிட்டு வந்து மகளே சொன்னாள். அந்த மலைகள் யூட் பழங்குடி மக்களுடையவை. சுரங்கக்காரர்கள் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் முண்டியடித்து வந்தபோது, 1873-ல் போடப்பட்ட ப்ரூனோ ஒப்பந்தத்தின் மூலம் சான் ஹுவான் மலைகள் அவர்கள் கையை விட்டுப் போயின. வேட்டையாடும் உரிமையை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை; அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அன்று முதல், மலையில் முகாம் போடும் முதல் இரவில் அப்பா அதை ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் படுப்பார்.

மேஜையில் விரிந்த வரைபடத்தில் முதல் சிக்கல் மலை இல்லை; பாயின்ட்.

குலுக்கலில் முதல் விருப்பம் கிடைக்காதவர்களுக்கு, அடுத்த வருடம் முன்னுரிமை தர ஒரு பாயின்ட் சேரும். நல்ல இடங்களுக்குப் பல வருடங்கள் சேர்த்தவர்கள் காத்திருப்பார்கள். அப்பாவிடம் எட்டு பாயின்ட் இருந்தது. படிப்புக்காக வெளிமாநிலம் போயிருந்த மகளிடம் மூன்று. இரண்டு பேரும் ஒரே குழுவாக விண்ணப்பித்தால், யாரிடம் குறைவாக இருக்கிறதோ அந்த எண்ணிக்கையைத்தான் குழுவுக்குக் கணக்கில் எடுப்பார்கள். அப்பாவின் எட்டு, மகளோடு சேர்ந்தால் மூன்றாகிவிடும். அவர் எட்டு வருடங்களாக ஆசைப்பட்ட பகுதிக்கு மூன்று போதாது.

"நீங்க தனியா போடுங்கப்பா. உங்களுக்குக் கிடைச்சா நான் சுமை தூக்க வர்றேன். துப்பாக்கி இல்லாம வர்றதுக்கு லைசென்ஸ் எதுக்கு?" என்றாள் மகள்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் போனது. மார்ச் மாதத்தில் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழே நின்ற அம்மா பார்த்துவிட்டார். அன்று சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"பாயின்ட் வருஷத்துக்கு ஒண்ணு ஏறுது. முட்டி வருஷத்துக்கு ரெண்டு இறங்குது. இன்னும் சேர்த்து வெச்சு என்ன செய்யப் போறேன்?"

ஏப்ரல் முதல் வாரத்தில் கடைசித் தேதிக்கு முன்பு, இரண்டு பேரும் ஒரே குழுவாக விண்ணப்பித்தார்கள். ஆசைப்பட்ட பகுதிக்கு இல்லை. மூன்று பாயின்ட்டுக்குக் கிடைக்கக்கூடிய இன்னொரு பகுதிக்கு. முந்தைய வருடக் குலுக்கலில் எந்தப் பகுதி எத்தனை பாயின்ட்டோடு முடிந்தது என்ற பட்டியலைத் துறையே வெளியிடுகிறது. அதைப் பார்த்து மகள்தான் தேர்ந்தெடுத்தாள். ஜூன் தொடக்கத்தில் முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் கிடைத்திருந்தது. முதல் விருப்பம் கிடைத்துவிட்டால் சேர்த்த பாயின்ட் எல்லாம் பூஜ்யமாகிவிடும்.

"எட்டு வருஷச் சேமிப்பு ஒரே நாள்ல காலி" என்றார் அம்மா.

"செலவு பண்ணத்தானே சேர்த்தோம்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு சமையலறை மேஜை அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி ஓடின. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 40 அடி. கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் செங்குத்து. விலகி அகன்றிருக்கும் இடம் சமதரை. மரங்கள் முடியும் எல்லைக்குச் சற்று மேலே, வடக்கும் கிழக்கும் பார்த்த கிண்ணம் போன்ற பள்ளங்களை அப்பா பென்சிலால் வட்டமிட்டார். பனி உருகி வழியும் நீர், வெயில் தாமதமாக வருவதால் கடைசிவரை பச்சையாக நிற்கும் புல், படுத்துக்கொள்ள வில்லோ புதர், ஆபத்து வந்தால் ஓடி மறைய அருகிலேயே மரக்கூட்டம். இந்த நான்கும் இருந்தால் ஆண் மான்கள் இருக்கும். கோடையில் அவை பெட்டை மான்களை விட்டு விலகி, மூன்று நான்காகச் சேர்ந்து சுற்றும். நவம்பரில்தான் இணை தேடும் பருவம். அதற்குள் பனி அவற்றைக் கீழே இறக்கிவிடும்.

ஒரு இடத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதும் திட்டத்தில் உண்டு. பொது நிலம் என்றால் மற்றவர்களும் வருவார்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் நாலைந்து கார்கள் நின்றால் இரண்டாவது இடம். அங்கும் கூட்டம் என்றால் மூன்றாவது. முகாமும் மூன்று இடங்களில் குறிக்கப்பட்டது. அருகில் தண்ணீர் வேண்டும். ஆனால் மான்கள் தண்ணீருக்கு வரும் வழியில் கூடாரம் இருக்கக் கூடாது.

காற்றுக்குத் தனியாக ஒரு தாள். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். மானின் கண்ணை ஏமாற்றிவிடலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. அதனால் காலையில் எதிர் முகட்டிலிருந்து பைனாகுலரில் பார்ப்பது மட்டும். மான் எங்கே படுக்கிறது என்று தெரிந்து, காற்று மேலே திரும்பிய பிறகுதான் மேலிருந்து நெருங்க வேண்டும். மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். கோடை முடியும்வரை அந்த மலைகளில் பிற்பகல் இடியும் மின்னலும் சாதாரணம். மரமே இல்லாத உச்சியில் மனிதன்தான் உயரமான பொருள்.

ஜூலையில் துப்பாக்கிப் பயிற்சி. தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கும் நிலையில், சாப்பாட்டுத் தட்டு அளவு காகித வட்டத்தில் ஐந்துக்கு ஐந்து குண்டும் பட வேண்டும். மகளுக்கு 250 கெஜம் வரை பட்டது. 300-ல் ஒன்று தவறியது. "அப்போ 250-தான் உன் எல்லை. அதுக்கு மேல எவ்வளவு பெரிய கொம்பு நின்னாலும் விரல் உள்ள போகக் கூடாது" என்றார் அப்பா. அதையும் எழுதினாள்.

அம்மாவுக்கு இரண்டே கேள்விகள்தான். "அங்க போன் வேலை செய்யாது. நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பது முதல் கேள்வி. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறிய கருவி ஒன்று வாங்கினார்கள். தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு செய்தி வர வேண்டும். வராவிட்டால் மறுநாள் நண்பகல் வரை பொறுக்க வேண்டும். அதற்கும் மேல் வராவிட்டால் அம்மா ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும். கொலராடோவில் காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பு ஷெரிஃபுடையது. தேடி மலை ஏறுபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். "அவங்க வீட்லயும் ராத்திரி யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க. அதை நினைச்சு நடந்துக்கங்க" என்றார் அம்மா.

இரண்டாவது கேள்வி இறைச்சியைப் பற்றியது. மான்களைத் தாக்கும் ஒரு நரம்பு நோய், 1967-ல் கொலராடோவில்தான் முதலில் கண்டறியப்பட்டது. வளர்ப்பில் இருந்த மியூல் மான்கள் தேய்ந்து மெலிந்து செத்தன. காரணம், உருமாறிய ஒரு புரதம்; சமைத்தாலும் அழியாது. மனிதருக்கு அது தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. "பரிசோதனை முடிவு வராம என் சட்டியில ஒரு துண்டு விழாது" என்றார் அம்மா. மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் இடமும் நேரமும் பட்டியலில் ஏறின.

அந்த வீட்டில் மான் இறைச்சி வெறும் ருசி இல்லை. ஒரு மான் கிடைத்த வருடம், குளிர்காலம் முழுக்கக் கடையில் மாட்டிறைச்சி வாங்க வேண்டியதில்லை. கொலராடோ சட்டமும் அதையேதான் சொல்கிறது. சுட்ட மானின் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்கக் கூடாது. கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கடும் குற்றம்.

ஆகஸ்ட் நடுவில், இடம் பார்த்து வர இரண்டு பேரும் மூன்று நாட்கள் மேலே போனார்கள். துப்பாக்கி இல்லை, பைனாகுலரும் தொலைநோக்கியும் மட்டும். பாதை தொடங்கும் இடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் நடை. 11,400 அடியில், கடைசி மரக்கூட்டத்தின் ஓரம் முகாம். அங்கே காற்று மெல்லியது. கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். முதல் நாள் மகளுக்கே தலை வலித்தது. தண்ணீரை வடிகட்டிக் குடித்தார்கள். கரடி வராமல் இருக்க, சாப்பாட்டுப் பையைத் தூரத்து மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே முகட்டுக்கு ஏறினார்கள். அப்பா பத்து அடிக்கு ஒரு முறை நின்றார். மகள் திரும்பிப் பார்க்காத மாதிரி பாவனை செய்தாள்.

வெளிச்சம் பரவியதும் கீழே பச்சைக் கிண்ணத்தில் நான்கு ஆண் மான்கள் தெரிந்தன. கொம்புகள் மேல் வெல்வெட் போன்ற மெல்லிய தோல் இன்னும் உரியவில்லை. செப்டம்பரில் அதை உரித்து எறிந்துவிட்டு அவை மரங்களுக்குள் பதுங்கத் தொடங்கும். ஆகஸ்டில் பார்த்த இடத்தில் செப்டம்பரில் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அப்பா குறித்துக்கொண்டார். அப்போது மகள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் தொலைநோக்கியை எதிர் முகட்டுக்கும் அப்பால், அடுத்த கிண்ணத்தின் பக்கம் திருப்பியிருந்தாள். பாறை நிழலில் ஒரு மான். அப்படி ஒரு கொம்பை அப்பாவும் ஐந்தாறு முறைதான் பார்த்திருக்கிறார்.

"இதுதான்பா. இதுதான்."

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு வரைபடத்தை எடுத்து முழங்காலில் விரித்தார்.

"இங்கிருந்து அங்க இறங்க எத்தனை அடி?"

"ஆயிரத்து நானூறு இருக்கும்."

"எலும்பு நீக்கினா இறைச்சி எத்தனை கிலோ?"

"முப்பதுக்குக் குறையாது. தலை தனி."

"அதைத் தூக்கிக்கிட்டு இந்த முகட்டை எத்தனை நடை ஏறுவே? நான் உன் கூட ஏறலைன்னு வெச்சுக்கோ."

மகள் பதில் சொல்லவில்லை. கணக்கு அவளுக்கே தெரிந்தது. இரண்டு நடை. முகாமுக்கு வந்து சேரவே ஒன்றரை நாள். அதற்கு மேல் காருக்கு எட்டு கிலோமீட்டர்.

"இரவு குளிராத்தானே இருக்கும்? இறைச்சி தாங்கும்பா."

அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். அவருக்கு 24 வயது. மாலை வெளிச்சம் மங்கும் நேரம். ஆழமான பள்ளத்தில் நின்ற மானைச் சுட்டார். நல்ல குறி, அங்கேயே விழுந்தது. அவர் தனியாள். இரவில் தோலை உரித்து முடிக்க முடியவில்லை. மறுநாள் வெயில் வந்துவிட்டது. ஒரு நடை கொண்டுவந்து வைத்துவிட்டு மூன்றாவது நாள் திரும்பிப் போனபோது, தொடைப் பகுதி நாற்றம் எடுத்திருந்தது. பாதி மான் கெட்டுப்போனது. கொம்பை வீட்டுச் சுவரில் மாட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, அம்மாவிடம்கூட.

"குறி தப்பினா அது வேற. நான் குறி தப்பல. திரும்பி வர்ற வழியை யோசிக்காமச் சுட்டேன். மானைப் பார்த்த பிறகு யோசிக்க முடியாதும்மா. பார்த்ததுமே ஆசை பேச ஆரம்பிச்சிடும். அதனாலதான் சமையலறை மேஜையிலயே யோசிச்சு முடிச்சிடணும்னு சொல்றேன்."

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தாங்கள் உட்கார்ந்திருந்த முகட்டின் மேலேயே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் சுடலாம். அந்தப் பக்கம் என்ன நின்றாலும் பார்க்க மட்டும்தான்.

மகளுக்குத் தொண்டை அடைத்தது. கோபமா, வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு முறை தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். மான் எழுந்து, உடம்பை நீட்டி, மறுபடி படுத்தது. "பாத்தாச்சு" என்றாள்.

இறங்கும்போதுதான் வலி வந்தது. ஏறுவதை விட இறங்குவது முழங்காலுக்குக் கொடுமை. கடைசி இரண்டு கிலோமீட்டர் அப்பா இரண்டு ஊன்றுகோல்களிலும் பாரத்தைப் போட்டு, பக்கவாட்டில் இறங்கினார். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோது முழங்கால் வீங்கியிருந்தது. அவர் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டு, "பழைய வயர். சூடாகுது" என்றார். அம்மா சிரிக்கவில்லை. மகளும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் குளியலறை எடை பார்க்கும் இயந்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன எல்லை 15 கிலோ. அப்பாவின் பை 21 கிலோ காட்டியது. கூடாரத்தை மகள் தன் பைக்கு மாற்றினாள். இரண்டாவது பாத்திரம் வெளியே போனது. மாற்றுச் சட்டை வெளியே போனது. புத்தகம் வெளியே போனது. 19-க்கு வந்து நின்றது. குதிரைக்காரர் ஒருவரிடம் முகாம் வரை சாமான் ஏற்றிவிட விலை கேட்டார்கள். வீட்டுக் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. மீதி இருந்ததில் பெரிய சுமை அவருடைய ரைஃபிள். நான்கு கிலோ. அதை யாரும் தொடவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வரைபடம் மறுபடி மேஜைக்கு வந்தது. மகள் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்காமலேயே உட்கார்ந்தாள். கையில் நீலப் பேனா.

"அப்பா, மானைப் பார்த்த பிறகு யோசிக்க முடியாதுன்னு சொன்னீங்க இல்லே?"

"ஆமா."

"நான் மேல ஒரு மானைச் சுட்டேன்னு வெச்சுக்குங்க. நீங்க கீழ முகாம்ல இருக்கீங்க. சத்தம் கேட்குது. அப்போ நீங்க யோசிப்பீங்களா, ஏறி வருவீங்களா?"

அப்பா வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏறி வருவீங்க. எனக்குத் தெரியும். ராத்திரியா இருந்தாலும் வருவீங்க. அதனால அதையும் இங்கேயே முடிச்சிடலாம்." முகாம் குறித்திருந்த புள்ளிக்கு மேலே, மரங்கள் முடியும் இடத்தை ஒட்டி அவள் நீலத்தில் ஒரு கோடு இழுத்தாள். "இதுக்கு மேல நீங்க வரக் கூடாது. மான் விழுந்தாலும் சரி, நான் கூப்பிட்டாலும் சரி. எனக்கு அடிபட்டா அந்தக் கருவியில செய்தி அனுப்புங்க. நீங்களும் மேல வந்து விழுந்தா, தேடி வர்றவங்களுக்கு ரெண்டு ஸ்ட்ரெச்சர் வேணும்."

அடுப்படியில் ஏதோ செய்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். மூடிக்கொண்டார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. முகட்டின் மேல் உட்கார்ந்து அவர் பேசிய பேச்சைத்தான் மகள் அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தாள். மானுக்குச் சரி என்றால் முழங்காலுக்கும் அதுதான் சரி.

பிறகு கணக்கை மறுபடி போட்டார்கள். அப்பா முகாமில் இருப்பார். விடியற்காலையில் கூடாரத்துக்குப் பக்கத்துப் பாறையிலிருந்து தொலைநோக்கியில் கிண்ணத்தின் கீழ்ப்பாதியைப் பார்ப்பார். மான் விழுந்தால், தோல் உரித்து, எலும்பு நீக்கி, காற்றுப் போகும் பருத்திப் பைகளில் போட்டு முகாம் வரை கொண்டுவருவது மகள் வேலை, இரண்டு நடை. நிழலில், கிளையில் தொங்கவிட்டு ஆற வைப்பது அப்பா வேலை. காருக்கு முதல் நடையில் இறைச்சி போகும், அப்பாவின் 15 கிலோவும் சேர்த்து. காரில் ஐஸ் நிரப்பிய இரண்டு பெட்டிகள் தயாராக இருக்கும். கூடாரமும் பாத்திரமும் மறுநாள். லைசென்ஸ் இரண்டு இருந்தாலும் மான் ஒன்றுதான். அதற்கு மேல் சுமக்க ஆள் இல்லை.

எல்லாவற்றையும் மகள் ஒரே தாளில் எழுதினாள். 250 கெஜம். சிவப்புக் கோடு. நீலக் கோடு. நண்பகலுக்குள் முகட்டிலிருந்து இறக்கம். தலைவலியோடு வாந்தியும் வந்தால் அன்றே கீழே. மாலை ஏழு மணிச் செய்தி. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். பிறகு சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் அம்மா கூடத்துக்கு வந்தபோது அப்பா எடை இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்தார். பை அதன்மேல் இருந்தது. முள் சரியாக 15-ல் நின்றது. அம்மா பையைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தார். அதன் கதவு பூட்டியிருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. மகளுடைய ரைஃபிள் மட்டும் உறையில் போட்டு வாசல் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"எட்டு வருஷம்" என்றார் அம்மா மெதுவாக.

"லைசென்ஸ் சட்டைப் பையில இருக்கு" என்றார் அப்பா. "அது ஒண்ணும் எடை இல்ல."

அம்மா ஃபிரிட்ஜ் பக்கம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, கடைசி வரியை மட்டும் மறுபடி படித்தார்.

"ஏழு மணி. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்" என்றார்.